வருகையும் ஒழுக்கமும்: தொழில்வழிச் சிகிச்சை மாணவர்க்குச் சில சொற்கள்



இந்த அறக்கட்டளையின் இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு மருத்துவத் துறையிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகிகள் பணித்தபோது, புதிய கருவி ஒன்றைப் பற்றியோ அண்மையில் கண்டறிந்த சிகிச்சை முறை ஒன்றைப் பற்றியோ நான் பேசக்கூடும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் தேர்ந்துகொண்டதோ, கல்லூரிச் சுற்றறிக்கைகளில் நாலைந்து வரிகளில் முடிந்துவிடுவதும், மாணவர்கள் கையெழுத்திட்ட மாத்திரத்தில் மறந்துவிடுவதுமான ஒரு பொருள். மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்பப்படும் மாணவர் எத்தனை நாள் வரவேண்டும், வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதே அது. ஆயுளின் பெரும்பகுதியைத் தொழில்வழிச் சிகிச்சைத் துறையில் கழித்தவன் என்ற முறையில், இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் முன் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

துறையைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். உடலாலோ மனத்தாலோ முடங்கிய ஒருவர், குளிப்பது, உடுப்பது, உண்பது, எழுதுவது, அடுக்களையில் நிற்பது, பள்ளிக்கோ வேலைக்கோ போவது ஆகிய அன்றாடக் காரியங்களைத் தாமே செய்யும் ஆற்றலை மீண்டும் அடைவதற்கு, அந்தக் காரியங்களையே மருந்தாகக் கொண்டு துணைநிற்பதுதான் தொழில்வழிச் சிகிச்சை; மருத்துவமனைகளில் அது, ஆக்குபேஷனல் தெரபி என்பதன் சுருக்கமாக, ஓ.டி. என்றே வழங்கிவருகிறது. 1917 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் சிலர் கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். நம் நாட்டிற்கு இதைக் கொண்டுவந்தவர், அமெரிக்காவில் பிறந்து மராட்டியக் குடும்பத்தில் மணம்புரிந்து இந்தியராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார். 1950இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் முதற்பள்ளியைத் தொடங்கிய அவரே, 1952இல் அகில இந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கத்தின் முதல் தலைவருமானார். அதே ஆண்டில் உருவான, தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பின் பத்து ஸ்தாபக நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பதை, இத்துறையை மேல்நாட்டார் நேற்று நம்மிடம் இறக்குமதி செய்தது போலப் பேசுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கல்கத்தாவில் இத்துறையின் பெயரைச் சொன்னால் பாரக்பூர் டிரங்க் ரோட்டில் போன்ஹூக்ளியிலுள்ள தேசிய நிறுவனம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். 1978இல் தோன்றி, எலும்பு முடத்தன்மை உடையோர்க்கான தேசிய நிறுவனம் என்று நெடுங்காலம் விளங்கி, இன்று இயக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் என்ற பெயரோடு நடப்பது அது. தாரத்தலாவில், டாக்டர் சுதா கௌல் அவர்கள் 1974இல் தொடங்கிய, மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான இன்ஸ்டிடியூட் இருக்கிறது. இவற்றைத் தவிர அரசாங்க மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவுகளும், மனநோய் மருத்துவமனைகளும், பள்ளிகளும் மாணவருக்குப் பயிற்சிக் களங்களாகின்றன. போன்ஹூக்ளியில் இத்துறையின் பட்டப்படிப்பு, இறுதி ஆறு மாத இன்டர்ன்ஷிப் உட்பட, நாலரை ஆண்டுப் படிப்பாக நடந்துவந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறி இதற்காக வந்திறங்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால்தான், கல்கத்தாத் தமிழர் சபையில் இதைப் பேசுவது பொருத்தமற்றதாகாது என்று துணிந்தேன்.

ஒரு மாணவர் பட்டம் பெறுமுன் குறைந்தது ஆயிரம் மணி நேரமாவது மேற்பார்வையின்கீழ் நோயாளிகளோடு பணிசெய்து பயின்றிருக்கவேண்டும் என்பது உலகக் கூட்டமைப்பு வகுத்துள்ள நியதி. வகுப்பறைக்கோ, நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை என்ற கணக்கு நம் பல்கலைக்கழகங்களில் நெடுநாளாகப் பழகிப்போயிருக்கிறது. இந்தக் கணக்கை மாணவர் தலைகீழாகப் படித்துக்கொள்கிறார்கள்; எழுபத்தைந்து கட்டாயமென்றால் இருபத்தைந்து தமக்கு உரிய சொத்து என்று தீர்மானித்து, அதைப் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே செலவழிக்கத் திட்டமிடுகிறார்கள். வகுப்பறையில் அதனால் விளையும் நஷ்டம் பெரும்பாலும் அவர்களோடு போகும்; நண்பனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, தேர்வுக்கு முந்தைய இரவுகளில் அதை ஈடுசெய்துவிடவும் முடியும். போஸ்டிங் என்று மாணவர்கள் சொல்லும் மருத்துவமனைப் பயிற்சியில் அந்த நஷ்டம் இன்னொருவர் தலையில் விழுகிறது.

அச்சகத்தில் நெடுங்காலம் எழுத்துக் கோத்துப் பிழைத்து, பக்கவாதத்தில் வலக்கை முடங்கிப்போன ஒரு வங்காள முதியவரைச் சற்று எண்ணிப்பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், மகன் தன் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, வேன் ரிக்ஷாவிலும் லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலுமாக அவரை அழைத்துவருகிறான். அவர் விரும்புவது என்ன என்று முதல் நாள் கேட்ட மாணவியிடம், இலிஷ் மீனின் முள்ளைத் தம் விரல்களாலேயே பிரித்தெடுத்துச் சோற்றோடு உண்ணவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நம்மில் ஒருவருக்கு அது அற்பமான ஆசையாகத் தோன்றலாம். தொழில்வழிச் சிகிச்சையாளருக்கோ அது சிகிச்சையின் இலக்கு. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியோடு நுனி சேரவேண்டும். சேர்ந்த விரல்கள் நசுக்காமல் பற்றவேண்டும். கண் விரலைத் தொடரவேண்டும். அதற்கெல்லாம் முன்பாகத் தோள் நிலைக்கவேண்டும். மூளையில் சேதமுற்ற பகுதியின் வேலையைப் பிற பகுதிகள் ஏற்றுக்கொள்வது ஒரே செயலை நூற்றுக்கணக்கான முறை, ஆயிரக்கணக்கான முறை, கிரமமாகச் செய்வதால்தான் நிகழ்கிறது என்பதை நரம்பியல் படித்த மாணவர் யாவரும் அறிவர். அந்தக் கிரமம் என்பது மருத்துவமனையின் மொழியில், தாம் வரவேண்டிய நாளில் தாம் வந்திருப்பது என்பதை அறிந்தவர்கள் குறைவு.

மூன்றாவது வாரத்தில் அந்த மாணவி சொல்லாமல் நின்றுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதியவரைக் கைவிட முடியாது; அவசரத்தில் வேறொரு மாணவரிடம் ஒப்படைக்கப்படுகிறார். அந்தப் பிள்ளை கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே கேட்ட கேள்விகளையெல்லாம் மறுபடியும் கேட்கிறான். தளர்ந்த தோள் எலும்பு குழியிலிருந்து நழுவக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதும், அந்தக் கையைப் பற்றி இழுக்கக்கூடாது என்பதும் முந்தையவளின் விரல்களுக்குப் பழகியிருந்தன, இவனுக்குத் தெரியாது. எழுப்பி நிறுத்தக் கையைப் பிடிக்கிறான், முதியவர் அலறுகிறார். அடுத்த வாரம் மகன் தனியாக வந்து, அப்பா வர மறுக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறான். வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் இருப்பது ஒரே ஒரு சுழி. ஆகையால்தான், போஸ்டிங்கில் வருகை என்பது சிகிச்சையினின்றும் பிரிக்கமுடியாத ஓர் அங்கம் என்று கருதுகிறேன். மாணவர் அதைக் கல்லூரிக்குச் செலுத்துகிற வரியாக நினைக்கும் வரையில், அபராதமும் எச்சரிக்கையும் எத்தனை விதித்தாலும் பயன் விளையாது.

இந்த நகரத்தின் மருத்துவ சரித்திரத்திலேயே வருகையைப் பற்றிய ஓர் உன்னதமான செய்தி இருக்கிறது. கல்கத்தா மெடிக்கல் காலேஜில் படித்து 1886இல் பட்டயம் பெற்று, இந்தியாவின் முதற்பெண் மருத்துவர்களுள் ஒருவரான காதம்பினி கங்கூலி அம்மையார், மணமாகி, படிக்கும் காலத்திலேயே தாயுமானவர். அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1888இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பேறுகாலத்துக்கென்று அவர் பதின்மூன்று நாள் மட்டுமே வராதிருந்தார் என்றும், தாம் அறிந்த வரையில் ஒரு விரிவுரையைக்கூடத் தவறவிடவில்லை என்றும் வியந்து குறிப்பிட்டார். பெண்கள் மருத்துவம் படிப்பதையே ஒரு பகுதியார் இகழ்ந்த காலத்தில், ஒரு நாள் குறைந்தாலும் அதையே சாட்சியாகக் காட்ட எதிரிகள் காத்திருந்த சூழ்நிலையில், அந்த அம்மையார் ஏற்ற கடுந்தவம் அது. நினைக்குந்தோறும் என் மனம் வணங்குகிறது. ஆயினும், பிரசவித்துப் பதின்மூன்று நாளே ஆன நிலையில் ஒரு பெண் வார்டுக்குத் திரும்பவேண்டும் என்று இன்றைய எந்தக் கல்லூரியும் எதிர்பார்ப்பதை நான் ஒப்பமாட்டேன். அவருடைய தியாகத்தை நாம் விதியாக்கிவிடக் கூடாது. அவரிடமிருந்து மாணவர் கற்கவேண்டியது, தம் இடம் யாரோ ஒருவருக்கு அவசியமானது என்ற உணர்ச்சியை.

வராமலிருப்பதே கடமையாகும் நாட்களும் உண்டு. காய்ச்சலோடும் இருமலோடும், ஒரு நாள் குறைந்துவிடுமே என்ற பயத்தால், மூளை முடக்குவாதக் குழந்தைகளின் பிரிவுக்குள் நுழைகிற மாணவர் விசுவாசமுள்ளவர் ஆகார். விழுங்குவதற்கும் இருமுவதற்கும் சிரமப்படும் குழந்தைக்குச் சாதாரண சளியே நுரையீரல் நோயாக முற்றக்கூடும். ஆஷாட மாதத்து மழையில் தெருக்கள் முழங்கால் நீரில் மூழ்கி, பஸ்ஸும் ரயிலும் நின்றுவிடும் நாளிலும் மாணவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மாணவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: காலையிலேயே மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, இன்று தம்மிடம் வரவிருக்கும் நோயாளிகள் யார், யாருக்கு எது செய்யப்பட்டுவந்தது, எதில் எச்சரிக்கை வேண்டும் என்று சொல்லிவிடுவது. தெரிவித்துவிட்டு வராதவரையும் தெரிவிக்காமல் நின்றவரையும் ஒரே சுழியால் குறிக்கும் பதிவேடு, என் அபிப்பிராயத்தில், நீதியற்ற பதிவேடு.

துர்க்கா பூஜையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நகரம் முழுவதும் பந்தல்களில் கூடியிருக்கும் அந்த நாட்களில் புறநோயாளிப் பிரிவுகள் சில நாள் மூடியிருக்கும். வெளியூர் மாணவரோ ரயில் டிக்கெட் கிடைத்த நாளை முன்னிட்டு மேலும் சில நாட்களுக்கு முன்பே புறப்பட்டுவிடுவார்கள். ஊருக்குப் போகிற பிள்ளையைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் போகுமுன், விடுமுறையில் நோயாளி வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை அவர் படிக்கும் மொழியில் எழுதி, படிக்காதவர்க்குப் படம் வரைந்து, உடன் இருப்பவரை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

இனி, எல்லாவற்றினும் கொடிய ஒரு பழக்கத்துக்கு வருகிறேன். வராத நண்பனுக்காகக் கையெழுத்திடுவதை மாணவர் உலகம் பிராக்ஸி என்று சொல்லி, தோழமையின் அடையாளமாகக்கூடக் கொண்டாடுகிறது. விரிவுரை மண்டபத்தில் அது பொய். மருத்துவமனையில் அது அபாயம். வந்ததாக ஒப்பமிட்ட மாணவர் ஏதேனும் செய்ததாகவும் எழுதியாகவேண்டுமல்லவா? ஆகவே கேஸ் ஷீட்டில், நடக்காத பயிற்சி நடந்ததாக ஒரு வரி ஏறுகிறது. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் உணர்ச்சியற்றுப்போன இளைஞனின் இடுப்பையும் குதிகாலையும் இன்று சோதித்தோம், புண் இல்லை என்று, சோதிக்காமலேயே எழுதப்படுகிறது. மறுநாள் வரும் மருத்துவரும் செவிலியரும் அந்த வரியை நம்பிக் கடந்துபோகிறார்கள். உணர்ச்சியில்லாத இடத்தில் அழுத்தப் புண் தொடங்கினால் அவனுக்கு வலிக்காது. எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமான பின்புதான் நாற்றத்தால் வெளிப்படும். வராமல்போன பத்து நாளை நான் மன்னிப்பேன். எழுதப்பட்ட அந்த ஒரு வரியை மன்னிக்க மாட்டேன்.

ஒழுக்கம் என்றதும் ஆடையிலிருந்து தொடங்குவது சம்பிரதாயம். நகம் குறைத்து, மோதிரமும் வளையலும் கழற்றி, முடியைக் கட்டி வரவேண்டும் என்ற விதி அழகைப் பற்றியதன்று. நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது மோதிரம் தோலைக் கீறும் என்பதுதான் காரணம். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பூட்டாமல் யாரையும் எழுப்பாதிருப்பதும், கையைத் தாங்கும் ஸ்பிளிண்ட் செய்ய எழுபது டிகிரி அளவு சூடான நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை முதலில் தம் முன்கையில் வைத்துப் பார்த்த பின்பே நோயாளியின் கையில் வைப்பதும் இந்த இனத்தவை. தொழுநோயாலோ நரம்பு வெட்டுண்டதாலோ உணர்ச்சி இழந்த கை, சுட்டாலும் சொல்லாது.

இதனினும் நுட்பமானது தொடுதலின் ஒழுக்கம். மற்ற மருத்துவத் துறையினர் நோயாளியைச் சோதிப்பதோடு நிற்க, நாம் அவருடைய குளியலறைக்குள்ளும் உடை மாற்றும் இடத்துக்குள்ளும் பிரவேசிக்கிறோம். முடங்கிய கையை முதலில் நுழைத்து உடுத்துவது, களையும்போது அதைக் கடைசியில் விடுவிப்பது என்ற பாடத்தைப் புத்தகத்தில் இரண்டு வரியில் படித்துவிடலாம்; ஆனால், வாழ்நாள் முழுவதும் புருஷனைத் தவிர வேறெவர் முன்னும் சேலைத் தலைப்பை விலக்காத ஒரு மூதாட்டிக்கு அதைக் கற்பிக்கவேண்டிய இருபது வயது மாணவன், திரை இழுத்திருக்கிறதா, உடன் ஒரு பெண் இருக்கிறாளா, தொடலாமா என்று அனுமதி கேட்டோமா என்பதையெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கவனிக்கவேண்டும். நேற்றுச் சம்மதித்தது இன்றைய சம்மதமாகாது. தாம் இன்னும் மாணவர்தாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். டாக்டர் பாபு என்று அவர்கள் அழைப்பதைத் திருத்தாமல் ஏற்றுக்கொள்வதும் ஒருவகையான வஞ்சனையே.

வயதில் மூத்த நோயாளிகளை மாஷிமா என்றும் தாதா என்றும் அழைப்பது இந்நகரத்தின் அழகிய வழக்கம். தமிழ்நாட்டில் அம்மா, ஐயா என்கிறோம். அந்த மரியாதை, மனநோய்ப் பிரிவின் வாசற்படியோடு நின்றுவிடக் கூடாது. கோப்ராவிலுள்ள பாவ்லவ் போன்ற மருத்துவமனைக்குப் போகும் மாணவர், பல ஆண்டுகளாக வீடு திரும்பாத மனிதர்களைச் சந்திக்க நேரலாம். அவர்களை ஒருமையில் விளிப்பதும், அவர்கள் முன்னிலையிலேயே அவர்களைப் பற்றி மேற்பார்வையாளரிடம் படர்க்கையில் பேசுவதும் எவ்வளவு எளிதாகப் பழகிவிடுகின்றன! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்களுடைய இரகசியக் காப்பை உரிமையாகவே வழங்கியிருக்கிறது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம், அது முன்னேற்றத்தைக் காட்டும் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டதாயினும், அந்த உரிமையை மீறியதாகலாம். தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. மெட்ரோவில் அருகே இருப்பவர்க்கு நம் மொழி தெரியாது என்ற தைரியத்தில், நோயாளியின் பெயரையும் குடும்பத்தையும் உரக்கப் பேசிக்கொண்டு வருகிறார்கள். லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழர் வாழும் நகரம் இது.

மாணவரிடம் இவ்வளவும் கேட்கிற நாம், அவர்களை வரச்சொல்கிற ஸ்தாபனத்திடமும் கேட்கவேண்டியவை உண்டு. 1899இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, சகோதரி நிவேதிதை பாக்பஜார்த் தெருக்களைத் தாமே துடைப்பமேந்திப் பெருக்கியதும், நோயுற்ற ஏழைச் சிறுவனைச் சேரிக் குடிசையிலேயே தங்கி மடியில் கிடத்திக் கவனித்ததும் நாம் அறிந்த சரித்திரம். அச்சிறுவனுக்கு வைத்தியம் செய்து, அந்தக் காட்சியைப் பின்னர் எடுத்துரைத்தவர் டாக்டர் ராதாகோவிந்த கர். நோயாளியின் அருகே இருப்பது என்பதன் பரிபூரணத்தை உலகுக்குச் சொன்ன அவருடைய பெயர் தாங்கிய மருத்துவமனையிலேதான், 2024 ஆகஸ்டு 9ஆம் நாள், இரவுப்பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கொலையுண்டார். தம் கடமைக்கு வந்திருந்த பெண் அவர். இந்நகரம் அதற்காகத் தெருவில் இறங்கி நின்றது. உச்ச நீதிமன்றம் மருத்துவப் பணியாளரின் பாதுகாப்புக்கென ஒரு தேசியக் குழுவை அமைத்தது. அந்த நாளுக்குப் பிறகு, ஓய்வறைக்குத் தாழ்ப்பாளும், தாழ்வாரத்துக்கு விளக்கும், மாணவியர்க்குத் தனிக் கழிப்பறையும், தவறு நேர்ந்தால் அஞ்சாமல் முறையிட ஓர் இடமும் அளிக்காத எந்த நிறுவனத்துக்கும், வருகைக் குறைவுக்காக மாணவரைத் தண்டிக்கும் தார்மிக உரிமை கிடையாது என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோர் முன்னிலையிலும், குறிப்பாக நோயாளியின் முன்னிலையில், மாணவரைக் கடிந்து அவமதிப்பது நம் மருத்துவமனைகளில் கல்விமுறையாகவே கருதப்பட்டுவருகிறது. அவமதிக்கப்பட்ட மாணவர் மறுநாள் வருவதில்லை; வந்தாலும், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை இழந்திருப்பார். தெரியாது என்று சொல்லாத மாணவரால்தான் தோள் நழுவுகிறது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்தால் நம் துறை முதன்முறையாக மத்திய சட்டமொன்றின் வரம்புக்குள் வந்திருக்கும் இவ்வேளையில், மாணவர் நடத்தைக்கு விதி எழுதுகிறவர்கள், அதே தாளில் ஆசிரியர் நடத்தைக்கும் விதி எழுதவேண்டும்.

போஸ்டிங்கின் கடைசி நாள் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசுவதில்லை. ஆறு வாரம் பழகிய குழந்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுவதும் ஒருவகை வராமையே. ஒரு வாரம் முன்பே பெற்றோரிடம் சொல்லி, அடுத்து வரும் மாணவரை ஓரிரு நாள் அருகில் வைத்துக்கொண்டு வேலைசெய்து, கேஸ் ஷீட்டில் அடங்காதவற்றை அவரிடம் ஒப்புவிக்கவேண்டும். இந்தக் குழந்தை மணியோசைக்குத் திடுக்கிடும், பாட்டி மட்டுமே ஊட்டினால் உண்ணும், செவ்வாய்க்கிழமை தாத்தா அழைத்துவருவார், அவருக்குக் காது மந்தம் என்பன போன்ற செய்திகளே அடுத்தவரின் முதல் நாளைக் காப்பாற்றுகின்றன. நன்றியாகக் குடும்பத்தார் கொண்டுவரும் சந்தேஷ் இனிப்புப் பெட்டியை, பிரிவில் எல்லோரும் பகிர்ந்துண்ணும்படி வாங்கிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. பணமோ சேலையோ கூடாது.

இந்தச் சபைக்கு ஒரு விண்ணப்பத்தோடு அமைகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர், வங்காள மொழி தெரியாமல் முதற்போஸ்டிங்கில் தவிக்கிறார்கள். பேசத் தெரியாத கூச்சத்தாலேயே சிலர் வராமல் ஒதுங்குகிறார்கள். அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, ஆண்டுதோறும் இரண்டு வாரம், நோயாளியோடு பேசும் அளவுக்கு வங்காள மொழியை அவர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்த் தாய்மார்களே அதற்கு உத்தமமான உபாத்தியாயர்கள். இலக்கணம் வேண்டாம். வலிக்கிறதா, தொடலாமா, இன்று இவ்வளவு போதுமா, நாளை நான் வரமுடியாது, எனக்குப் பதிலாக இன்னார் வருவார் என்ற அளவு சொல்லத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். நிர்வாகிகள் இதை அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.